நாலு எல்லைக்குக் கீழே

நான் எழுதும் உறுதிகளில் திசை நாலுதான்.
வடக்கே சில்வாவின் மதில்,
கிழக்கே மாநகரசபை வாய்க்கால்,
தெற்கே இன்னாரின் பிள்ளைகள், மேற்கே ஒழுங்கை.
கீழே என்றும் ஒரு பக்கம் உண்டென்று
பத்தொன்பது வருடமாய் யாரும் எனக்குச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அளுத்கடையில், போட்டோ கொப்பிக் கடைக்கு மேல்,
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, இரண்டு றப்பர் முத்திரை.
அங்கேதான் செலஸ்தீனா வந்தாள்,
ஈரக்குடையை வாசலில் சாய்த்துவிட்டு
கடித உறையைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தாள்.
டெக்சஸிலிருந்து.

லாசரஸ், புருசனின் தம்பி,
கப்பலில் போய்க் கரையில் தங்கிவிட்டவன்,
எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்தவன்,
கலியாணம் கட்டாதவன். செத்து ஒன்றரை வருடம்.
விட்டுப்போனது ஒரு கைக்கடிகாரமும்,
பேர் வாயில் நுழையாத ஒரு கவுண்டியின் நிலத்துக்கடியில்
பிரிபடாத அறுபத்துநாலில் ஒரு பங்கும்.

"காணியா மிஸ்?"
காணி இல்லை. காணி வேறொருவருடையது.
"அப்ப மரமா?"
மரமும் இல்லை. புல்லும் வேலியும் மாடும் அவருடையது.
கல்லுக்குள் இருக்கும் எண்ணெய் மட்டும் உங்களுடையது.
அதிலும், எந்தத் துளி என்று யாராலும் காட்ட முடியாது.
"எங்கட தோட்டத்துப் பொதுப் பைப் மாதிரி" என்றாள்.
ஓம், அப்படித்தான். மூன்று கிணறு இருக்கிறது.
"தண்ணி உப்பா?"
எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன்.
நூற்றறுபது ஏக்கரில் அறுபத்துநாலில் ஒன்று
இரண்டரை ஏக்கர்.
எங்கள் அளவில் நானூறு பேர்ச்.
நானூறு! எழுதிவிட்டு அவளைப் பார்த்தேன்.
புளூமெண்டாலில் அவள் வீடு ஒன்றரைப் பேர்ச்.
அதற்கும் உறுதி இல்லை,
தண்ணீர் பில்லும், வாக்காளர் இடாப்பில் ஒரு வரியும்,
சுவரில் சிவப்பு மையால் ஓர் இலக்கமும்தான்:
அகற்றப்பட வேண்டியது, எழுபத்திரண்டு.

அவள் அடுப்படிக்குக் கீழே குழாய் போகிறது,
துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்கு.
கப்பல் வந்த இரவில் நிலம் மெல்ல முனகுமாம்,
அலுமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசுமாம்.
மூத்தவன் பிறந்த நாளிலிருந்து
தீக்குச்சி உரசும் முன் மோந்து பார்க்கிற பழக்கம்.

கம்பனி தொள்ளாயிரம் டொலர் தருகிறதாம்,
முப்பது நாளுக்குள் கையொப்பமிட்டால்.
மாதம் முப்பத்தெட்டு வருகிறது என்பதைக்
கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் வைத்திருந்தார்கள்.
மூன்று வருட வரவைப் பெருக்கினாலே
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு.
கிணறு வற்றும், விலை விழும், அது சரி.
ஆனால் இன்னும் துளைக்காத வடபாதியைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.
வாங்க வருகிறவன் எதைப் பேசாமல் விடுகிறானோ
அதற்குத்தான் விலை கேட்க வேண்டும்,
அளுத்கடை எனக்குப் படிப்பித்தது அவ்வளவுதான்.

விற்க வேண்டாம் என்றேன். இப்போதைக்கு.
கட்டணம் ஐந்நூறு ரூபா வாங்கினேன்.
வாங்காமல் விட்டிருக்கலாம்.

பாதிப் படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.
"மேல இருக்கிற மனுசர் வேணாம் எண்டா
துளைக்க மாட்டாங்களா?"
துளைப்பார்கள். அங்கே கீழ் உரிமைதான் பெரிது.
பாதை விட வேண்டும், சத்தத்தைப் பொறுக்க வேண்டும்.
"அவங்களுக்கு ஏதும் குடுக்கிறதா?"
பயிர் அழிந்தால் கொஞ்சம்.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
"அந்த வீட்டுக்காரர்ட பேர் என்ன?"
கடிதம் நாலு பக்கம். முன்னும் பின்னும் தேடினேன்.
கிணறுகளுக்குப் பேர் இருந்தது, இலக்கம் இருந்தது,
ஆழம்கூட இருந்தது, ஒன்பதாயிரத்து இருநூறு அடி.
ஆளின் பேர் இல்லை.

"கேட்டு எழுதுங்க மிஸ்" என்றாள்,
"அடுப்படி எந்தப் பக்கம் எண்டும்."