சாய்ந்த கோடு

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஜைத்தோன் அக்காவின் போட்டோகாப்பி கடையில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் நானும் பரிமளமும் ஆளுக்குப் பாதி.
வெள்ளிக்கிழமை, மணி நாலு பத்து.
கல்விக் கடன் மனு
இன்றிரவு பன்னிரண்டுக்கு மூடுகிறதாம்.

மகள் கங்காரில், விடுதியில்.
தன் பகுதியை அவளே முடித்துவிட்டாள்.
"பெற்றோர் பகுதி மட்டும்தான்பா,
ஆறே ஆறு கட்டம்."

முதல் கட்டம்: மாத வருமானம்.
எந்த மாதம் என்று கேட்கவில்லை.
காய் கொட்டுகிற மாதமா,
மழை ஊற்றி லோரி புதைந்த மாதமா,
இடுப்பு பிடித்து
நான் பதினொரு நாள் படுத்த மாதமா?
நடுவுல ஒண்ணப் போடுங்க, என்றாள் பரிமளம்.
அப்படி நடுவில் ஒரு மாதம்
எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.
போட்டேன்.

சம்பளச் சீட்டைப் படமெடுத்து ஏற்றச் சொன்னது.
ஏற்றினேன்.
மிகப் பெரிது, என்று திருப்பி அனுப்பியது.
என் சம்பளத்தை அப்படிச் சொல்லி
இருபத்திரண்டு வருடத்தில் கேட்டதில்லை.
பரிமளம் சிரித்த சிரிப்பில்
நாற்காலி நகர்ந்தது.
மலாயில் விளக்கினேன்; ஜைத்தோன் அக்காவும் சிரித்து
அதைச் சின்னதாக்கிக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை.

ஐந்தாம் கட்டம்: பிள்ளையின் முழுப் பெயர்.

ரூபிகா ஏ/பி லெட்சுமணன்.

சிவப்பு எழுத்து வந்தது:
செல்லாத குறி.

எது?
ஒவ்வொன்றாய் அழித்துப் பார்த்தோம்.
ஏ-க்கும் பி-க்கும் நடுவே
அந்தச் சாய்ந்த கோடு.
குலை வெட்டும் கழியை
மத்தியானச் சோற்றுக்கு மரத்தில் சாய்த்து வைப்போமே,
அந்த அளவுக்குத்தான் சாய்ந்திருந்தது.
இன்னார் மகள் என்று சொல்ல
அரசாங்கமே போட்டுக் கொடுத்த கோடு.
எடுத்தேன்.
பெயர் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை, என்றது.
வைத்தேன்.
செல்லாத குறி.
எடுத்தேன். வைத்தேன்.
நேரம் கடந்துவிட்டது, மீண்டும் உள்ளே வருக.

உள்ளே வர ஒரு எண் அனுப்புவார்களாம் போனுக்கு.
அது வந்து சேர்வதற்குள்
அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

உதவி எண்ணில் பாட்டு போட்டார்கள்.
எங்களுக்கு முன்னால் நாற்பத்தேழு பேர்.
அத்தனை வீட்டிலும் ஒரு கோடு
சாய்ந்து நிற்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.
பொறுமைக்கு நன்றி, என்றது ஒரு பெண் குரல்.
என் பொறுமையை அது எங்கே பார்த்தது?

ஆறு மணிக்குக் கதவைப் பாதி இறக்கிய ஜைத்தோன் அக்கா
தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.
"என் பேர்ல நடுவில 'பிந்தி'. கோடே இல்ல.
அதான் இத்தனை வருசமா
இது எனக்குத் தெரியாமலே போச்சு."
மன்னிப்புக் கேட்பவர் மாதிரி சொன்னார்.
அவர் ஏன் கேட்க வேண்டும்?

இரவு பதினொன்று இருபது.
வீட்டுக்குள் அலை இல்லை.
காய் ஏற்றும் மேட்டில் ஏறி நின்று
பரிமளம் போனை வானத்துக்குக் காட்டுகிறாள்.
கீழே நான் டார்ச் அடிக்கிறேன்,
பாம்புக்காக.
எண் வந்தது. செத்தது. இன்னொன்று வந்தது.
அதே பெயர், அதே கோடு,
பரிமளத்தின் விரலில் கொஞ்சம் கோபம்,
வேறு எதுவும் மாற்றவில்லை.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஏன் இப்போது, ஏன் அப்போது இல்லை?
கேட்க ஆளில்லை.
பதினொன்று ஐம்பத்திரண்டு.
ரசீது திறந்தது:
ரூபிகா ஏ?பி லெட்சுமணன்.

கழி நின்ற இடத்தில்
ஒரு கொக்கி முளைத்திருந்தது.

"உங்க மகளான்னு கேக்குதுங்க அது,"
என்றாள் பரிமளம்.
ஆமான்னு சொல்லு, என்றேன்.

மகளுக்குப் படம் அனுப்பினோம்.
கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது,
பிறகு, "அப்பா, தூங்குங்க."

ஐந்தரைக்குப் பெரட்டு.
மண்டோர் பெயர் கூப்பிட்டதும்
கையைத் தூக்கினேன்.
அவன் நோட்டில் என் பெயர்
வெறும் லெட்சு.