இரண்டாம் அடித்தளம்

உடற்பயிற்சிக் கூடத்தின் சென்ற மாதப் பதிவேட்டைக்
கூட்டிப் பார்த்துச் செயலாளர்
லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறார்:
ஆண்கள் அறுபத்தொருவர். பெண்கள் ஒன்பது.
கீழே சிவப்பு மையில்,
பெண்களே, ஆர்வம் காட்டுங்கள்.

காலை ஐந்தரைக்குத் தாசரஹள்ளி ஏரிக்கரை
ஓய்வு பெற்றவர்களுடையது.
எண்பத்தொரு வயது நரஹரி ராவ்
கைகளைத் தலைக்கு மேல் குவித்து நின்றால்
நாய்கள்கூடச் சுற்றித்தான் போகும்.
ஆறரைக்கு டிரெட்மில், ஐ.டி. பையன்களுக்கு.
நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, என் பரணிதரன் உட்பட,
ஜனவரி.
போன ஜனவரியில் வாங்கிய ஷூவின் அடிப்பாகம்
இன்னும் கடை வெள்ளை.

அந்த ஐந்தரைக்கு நான்
இட்லித்தட்டில் எண்ணெய் தடவுகிறேன்.
ஆறரைக்கு டிபன் டப்பா மூடியைத் தேடுகிறேன்.
ஏழே காலுக்குப் பள்ளி வண்டி.
ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன் கூடத்துக்கு.
எடை தூக்கிக்கொண்டிருந்தவன் நல்ல பிள்ளைதான்.
"ஆன்ட்டி, அதை ஆன் பண்ணத் தெரியுமா?" என்றான்.
பீன்யாவில் பதினாறு வருடமாய்
மின்மோட்டார்களைச் சோதித்து முத்திரை போடுபவள் நான்.
தெரியும் என்று சொல்லிவிட்டுத்
திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது இரவு பத்தேமுக்கால்.
பி-14 தூணிலிருந்து பி-41 வரை
நூற்றுப் பன்னிரண்டு தப்படி.
நைட்டிமேல் துப்பட்டா, காலில் ரப்பர்ச் செருப்பு.
நான் மட்டும்தான் என்றிருந்தேன்.
மூன்றாம் நாள் எதிர்த்திசையில் ஃபர்ஹானா.
பிறகு ஸ்டெல்லா, சர்க்கரை முன்னூற்றுப் பத்து,
டாக்டர் திட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி.
பேச்சு, சந்திக்கும் தூணில் ஒரு வாக்கியம்;
மீதி அடுத்த சுற்றில்.
காவலுக்கு இருக்கும் மல்லேஷ் சரிவில் எட்டிப் பார்த்து
"ஊட்ட ஆய்தா?" என்பார்.
ஆச்சு, பாத்திரமும் ஆச்சு.

போன வாரம் ஐந்தாம் மாடித் தேஜு வந்தாள்
கயிற்றோடு.
பதினாலு வயது. மாவட்ட அணியில் பாட்மின்டன்,
மார்ச் வரைக்கும்.
மொட்டை மாடியில் குதித்தால்
எதிர் பிளாக் பால்கனிகளில் போன்கள் முளைக்கின்றனவாம்.
கயிற்றின் பிடியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.
அடுத்த வருஷம் பத்தாவது, விட்டுடு என்றாளாம் அம்மா.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டெல்லா மட்டும் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய்ச்
சுவரோரம் நிறுத்தினாள்,
கயிறு சுழலும் அளவுக்கு.

இங்குள்ள விளக்குகள் சிக்கனத்துக்குப் போட்டவை.
யாராவது அசைந்தால் எரியும்,
நின்றால் பதினைந்து நொடியில் அணையும்.
நேற்று நூற்றெண்பதில் கயிறு தடுக்கி
அவள் குனிந்து மூச்சு வாங்கினாள்.
நாங்களும் நின்றுவிட்டிருந்தோம்,
மனதுக்குள் கூடவே எண்ணிக்கொண்டிருந்ததால்.

இருட்டு.
நான்கு பேரின் மூச்சு.
ஏதோ ஒரு காரில் சிமிட்டும் சிவப்புப் புள்ளி.
யாரோ, ஃபர்ஹானாவாகத்தான் இருக்கும்,
கையை உயரே வீசினாள்.

"நூத்தி எண்பத்தொண்ணு" என்றாள் தேஜு.