ரசமட்டம்

லிமோஜில் பிப்ரவரி.
பல்கலைக்கழகம் பழைய கட்டடத்தை விட்டு
ஆற்றின் அக்கரைக்குக் குடிபெயர்கிறது.
படிப்புகளெல்லாம் தள்ளுவண்டியில் ஏறியாயிற்று,
ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே செய்தித்தாள் வைத்து,
உடையும் தட்டுகளைப் போல.

தள்ளுகிறவன் கயெத்தான்.
பராமரிப்புப் பிரிவு. இடுப்பில் திருப்புளி.
பள்ளிக்கூடத்தைப் பதினாறு வயதில் விட்டவன்,
இன்று பதினோரு மணிக்குள்
வேதியியலை முடித்துவிட்டான்.

"ஷிமி, ஃபிஸிக், பியோலோழி, ஃபிலோசோஃபி.
எல்லாம் பெண்கள்" என்றான்.
"உள்ளே உட்கார்ந்திருப்பது மட்டும் ஆண்கள்" என்றாள்
ஏணியைப் பிடித்திருந்த வஸீலா.
நமக்கு எல்லாம் அஃறிணை, வம்பில்லை.
அவர்களுக்கோ
பாடத்துக்கும் பால் சொல்லாமல் வாய் திறக்க முடியாது.

கணிதம் ஒருபோதும் தனியாக வருவதில்லை.
லே மத்தெமத்திக். பன்மை.
பந்திக்கு வரும் சொந்தம்போல் மொத்தமாக வரும்.
நீளப் பலகை, ஆறு திருகாணி.

இலக்கியத்துக்கு லெத்ர், அதாவது எழுத்துகள்.
கடிதங்களுக்கும் அதே பெயர்.
புதிய தபால்காரன் இரண்டு நாளாக
மின்கட்டணம் முதற்கொண்டு எல்லாவற்றையும்
அந்தக் கதவின் கீழே தள்ளிவிட்டுப் போகிறான்.

வரலாறு, இஸ்துவார். கதை என்றாலும் இஸ்துவார்தான்.
அதன் பேராசிரியர் கைக்குட்டையால்
பலகையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
எந்த அர்த்தம் போய்
எந்த அர்த்தம் மிஞ்சுமோ?

நிலவியலில் ஒரு சிக்கல்.
ழெயோலோழி: இரண்டாம் எழுத்தின் தலையில்
சாய்ந்து நிற்க வேண்டிய சின்னக் கோடு
பாலத்திலேயே விழுந்துவிட்டது.
பெரிய எழுத்துக்கு அது வேண்டாம் என்றான் கயெத்தான்.
வேண்டும் என்றார் பாறைகளோடு வாழ்கிறவர்.
அது இல்லாமல் உள்ளே போகமாட்டேன் என்று
படியில் உட்கார்ந்துவிட்டார், மேல்கோட்டோடு.
வஸீலா தன் உடைந்த காபிக் கோப்பையின்
காதிலிருந்து ஒரு சில்லைக் கிள்ளிப் பசை தடவினாள்.
வெள்ளைப் பீங்கான். இந்தச் சீமையின் மண்.
எழுந்து போனார்.

கடைசியாகச் சட்டம்: த்ருவா.
நேர் என்பதும் த்ருவா, உரிமை என்பதும் த்ருவா.
ஒற்றைப் பலகைக்கு எத்தனை பாரம்!
மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால்
கோணல்.
ரசமட்டத்தை வைத்தான்.
குமிழி நட்டநடுவில்.
கழற்றினான், மாட்டினான், மறுபடி வைத்தான்.
குமிழி அசையவில்லை.
சாய்ந்திருப்பது கதவின் நிலை.
புதுக் கட்டடம், யாரோ ஒப்பந்தக்காரர்.

துறைத்தலைவி மதாம் தெவெனூ வந்தார்.
தலையைச் சாய்த்தார், நிமிர்த்தினார்.
"கதவுக்கு ஒத்தாற்போல் வைத்துவிடுங்கள்.
ரசமட்டத்தோடு யார் வரப்போகிறார்கள்?"

கட்டைவிரலால் ஒரு தட்டு.
பலகை நேரானது.
குமிழி இடப்பக்கம் ஓடி ஒதுங்கிக்கொண்டது.

வண்டியில் மீதம் ஒன்று. அல்மான், ஜெர்மன் மொழி.
பலகை உண்டு, அறை இல்லை.
பட்டியலில் அதன்மேல் பென்சில் கோடு;
பேனாவால் அடிக்க
யாருக்கும் மனம் வரவில்லைபோல.
வஸீலா அதை மடியில் கவிழ்த்துப் போட்டு
ரொட்டியைப் பிட்டு வைத்தாள்,
நாலு ஆலிவ், ஒரு முட்டை.
"உப்பு இருக்கிறதா?" என்றான் கயெத்தான்.