ஈரப்பதண்

மாவட்டச் செயலகத்தில்
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
பேசியதை எழுதலாம்.
பேசாமல் முடிந்ததை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று
பயிற்சியில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

தை மாதக் கூட்டம்.
கிளிநொச்சியில் மழை விட்டு நாலு நாள்.
கமக்காரர் அமைப்புகள் ஒன்பது வந்தன,
ஒன்பதுக்கும் ஒன்பது குரல்.
வட்டக்கச்சி வாய்க்காலைச் சொன்னது.
அக்கராயன் யானையைச் சொன்னது.
உருத்திரபுரத்துக்கு உரம் வந்து சேரவில்லை,
முரசுமோட்டைக்கு
உருத்திரபுரத்தோடு கோபம்.
நெல் விலைக்கு வருவதற்குள்
தேத்தண்ணி வந்துவிட்டது.

ஆலை உரிமையாளர் சங்கத்திலிருந்து
ஒரே ஒரு ஆள்,
திருவாளர் குலவீரசிங்கம்.
வணக்கம் சொன்னார், அவ்வளவுதான்.
சுருள்கம்பி கட்டிய புத்தகங்களைக்
கதிரைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனார்.
பளபளத்த தாள். வண்ண வரைபடம்.
நாலாம் பக்கத்தில் ஒரு வசனம்:
'பதினான்கு வீதத்துக்கு மேல் ஈரப்பதண் உள்ள நெல்
களஞ்சியத்தில் ஏற்கப்படலாகாது.'
றன்னகரம் இருக்கவேண்டிய இடத்தில் டண்ணகரம்.
என் கண் அதில் தடுக்கி விழுந்தது.
பிழை பார்த்தே சம்பளம் எடுக்கிறவள்,
என்ன செய்ய.

புளியம்பொக்கணைத் தவமலர் எழும்பினா.
"ஐயா, வெட்டின கையோட நெல்லு இருபது காட்டும்.
காயப்போடத் தளம் இல்லை.
றோட்டில போட்டா பொலிஸ் அள்ளச் சொல்லுது.
பதினாலுக்கு நாங்கள் எங்க போறது?"
'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன்.
வசதியான சொல்.
கேட்டதாகவும் இருக்கும்,
கேளாததாகவும் இருக்கும்.

மதியச் சாப்பாடு சங்கத்தின் செலவு.
கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், யோகட்.
எல்லாரும் சாப்பிட்டோம்.
தவமலரும் சாப்பிட்டா. நானும்.
நாலு பேருக்கு மட்டும்
மேல்மாடி அறையில் தனி மேசை.
அங்கே
குறிப்பு எழுத ஆள் தேவைப்படவில்லை.

பிறகு மூன்று கிழமை
களஞ்சியத்துக் கதவில் பூட்டு.
வயல் வரம்போடு லொறிகள்.
"ஈரமோ, பரவாயில்லை அக்கா,
ஆலையில காயவைக்க மெசின் நிக்குது" என்றார்கள்.
ஈரத்துக்கு ஒரு விலை குறைப்பு,
மூடைக்கு மூன்று கிலோ கழிவு,
அவர்களுடைய தராசு.
கடன்காரன் படலையில் நிற்கும்போது
நெல்லுக்குக் காத்திருக்கத் தெரியாது.

வெறும் வயல்களில் மாடு இறங்கிய பிறகு
மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது, தமிழ்ப் பிரதி.
களஞ்சியம் திறக்கும் திகதியைக்
கலண்டரில் தேடினேன்.
தாமரையில் லட்சுமி,
காலடியில் ஆலைச் சங்கத்தின் பெயர்.
எங்கள் அலுவலகத்தில்
நாட்களும் அவர்கள் தந்தவைதான்.

இரண்டாம் பந்தி:
'பதினான்கு வீதத்துக்கு மேல் ஈரப்பதண் உள்ள நெல்...'

அதே டண்ணகரம்.
கொழும்புக்குப் போய்,
எத்தனையோ மேசை ஏறி இறங்கி,
கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு
ஒரு கீறலும் படாமல்
திரும்பி வந்திருந்தது.

"அமைப்புகளுக்கு அனுப்ப மறுபடி ரைப் பண்ணுங்கோ,
எழுத்துப் பிழை இருந்தாத் திருத்திவிடுங்கோ,"
என்றார் உதவிச் செயலாளர்.
நல்ல மனிதர். பிழை பிடிக்காதவர்.
விரல் எழுத்துக்குப் போய் நின்றது.
திருத்தினால் அது
அரசாங்கத்தின் வசனம் ஆகிவிடும்.
விட்டேன்.
ஒன்பது பிரதி எடுத்தேன், ஒன்பதிலும் ண.

தவமலர் வந்து
கவுண்டரில் நின்றபடியே வாசித்தா,
வரிக்கு அடியில் விரல் வைத்து, மெல்ல.
இரண்டாம் பந்தியில் விரல் நின்றது.
"பிள்ளை, இந்த எழுத்து..."
நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
"அண்டைக்குக் கதிரையில வச்ச புத்தகம்
வீட்டில கிடக்கு.
நல்ல தாள் எண்டு
சின்னவன் பின்பக்கத்தில படம் கீறுறான்."

கடிதத்தை நாலாய் மடித்து
இடுப்பில் செருகினா.

"இனிக் கீற விடமாட்டன்."