பிறையுருவின் அடி

கண்ணும் கோடும் ஒரு மட்டத்தில் வர
முழங்காலை மடி, பிள்ளை.
மேலே நின்று பார்த்தால் கூட்டிக் காட்டும்,
கீழே இருந்து பார்த்தால் குறைத்து.
பிறையுருவின் அடியை வாசி.
புதுக்குடியிருப்பில் ஆண்டு பத்துக்கு
பதினொரு வருசமாய் இதைச் சொல்கிறேன்,
ஆய்வுகூட உதவியாளரின் சம்பளத்துக்கு.

இரவில், குசினி மேசையில்,
எனக்கு நானே சொல்கிறேன்.

கேதீஸ் நாளுக்கு இரண்டு பெட்டி பிடித்தவர்.
லியோனில் இருக்கிற தமையன்
பேனை மாதிரி ஒரு புகைக்கருவியும்
சில போத்தல்களும் கொடுத்துவிட்டார்:
கிளிசரின், கிளைக்கோல்,
மண்டையோடு போட்ட குட்டிப் போத்தலில் நிக்கொட்டீன்,
வாசத்துக்குப் பச்சை மாங்காய்.
"கலக்கிறது உன்ர வேலை" என்றார் கேதீஸ்.
அவருக்கு அளவு என்றால் பவுசர்.
ஐயாயிரம் லீற்றரைக் கோடையில்
வள்ளிபுனம் தேவிபுரம் என்று
வீட்டுக்கு ஒரு பரலாய் ஊற்றிக்கொண்டு போவார்,
ஊற்றின வீட்டுக்குப் பட்டியலில் ஒரு சரி போட்டபடி.
வழிந்தால் என்ன, மண் குடிக்கும் என்பார்.

என்ர மேசையில் வழியக் கூடாது.
கையுறை. திறந்த யன்னல். மகன் நித்திரை.

கிளிசரின் நேர்மையில்லாத சாமான்.
சிறிஞ்சில் பதினைந்து இழுத்தால்
பதினைந்தும் இறங்காது,
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
சுடுதண்ணியில் வைத்து இளக்கிப் பார்த்தேன்.
துளி எண்ணிப் பார்த்தேன்: தண்ணியின் துளி வேறு, இதன் துளி வேறு.
கிளைக்கோலோ சிறிஞ்சின் இலக்கங்களையே கரைத்தது;
மூன்றாம் கிழமை
வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பேந்து முல்லைத்தீவில் பவுண்கடைத் தராசு ஒன்று வாங்கினேன்.
ஒரு மில்லி கிளிசரின்
ஒன்று தசம் இரண்டு ஆறு கிராம்.
நிறை சுவரில் ஒட்டாது.

நிக்கொட்டீன் மட்டும் இன்னும் சிறிஞ்சில்தான்,
புதுச் சிறிஞ்சு, கண்ணுக்கு நேரே.
முப்பது மில்லிக்கு மூன்று தசம் ஆறு.
போத்தலில் பன்னிரண்டு என்று ஒட்டுவேன்.

மாசியில் ஒரு நாள்
மூன்று தசம் நாலில் நிறுத்தினேன்.
கை நடுங்கவில்லை.
ஒட்டியது பன்னிரண்டுதான்.

பங்குனியில் மூன்று.
சித்திரை கழிய இரண்டு தசம் நாலு.
கொப்பியின் முன்பக்கம் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.
பின்பக்கம் உண்மை.
பிள்ளைகள் வாசிப்பை மாற்றி எழுதினால்
ரீச்சரிடம் காட்டிக்கொடுக்கிறவள் நான்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
வைகாசியில் ஒரு கிழமை படலையோடு சண்டை பிடித்தார்,
கச்சான் காற்று படலையை அடிக்குதாம்.
பவுசரின் வால்வை இறுக்கிப் பூட்டத் தொடங்கினார்.
ஒரு இரவு மூன்று மணிக்கு
எழும்பியிருந்து நிலக்கடலை உடைத்தார்,
கோது ஒரு கும்பம்.

ஆவணியில் சைபர்.
கிளிசரின், கிளைக்கோல், மாங்காய். அவ்வளவுதான்.
லேபலில் பன்னிரண்டு.

அன்று முற்றத்தில் கதிரை போட்டு இருந்து
நீளமாய் இழுத்து வெள்ளையாய் விட்டார்.
அடுத்த வளவு நாய் தும்மியது.
"இண்டைக்குக் காரம் கொஞ்சம் கூட" என்றார்,
என்னைப் பாராமல்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது.
போத்தலை மாறி எடுத்தேனா?
உள்ளே போய்க் கொப்பியின் பின்பக்கத்தை விரித்தேன்.

என் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும்
பவுசர் பட்டியலில் வீடுகளுக்குப் போடுகிற
அதே கோணல் சரி.
மூன்று தசம் நாலுக்குச் சரி. மூன்றுக்குச் சரி.
இன்று பின்னேரம் எழுதிய சைபருக்கும்
மை காயாத ஒரு சரி.

ஒரே ஒரு இடத்தில் இல்லை.
சித்திரையின் இரண்டு தசம் நாலைச் சுற்றி வட்டம் போட்டு
பென்சிலால் எழுதியிருந்தார்:
இது குறைவு.

அன்றிரவு மகனுக்குக் காய்ச்சல்.
இடுப்பில் அவன்.
குனிய ஏலாமல்
நின்றபடிதான் வாசித்தேன்.