ஒன்பது முத்து

முதலில் முத்தை எண்ணுவேன்.
முகம் அப்புறம்தான்.

அவள் தோளில் ஒரு பதக்கம்,
பதக்கத்தைச் சுற்றி முத்து.
ஒன்பது இருந்தால் காப்பிக்கொட்டை அளப்பேன்.
எட்டென்றால்,
கிதிர் மகலா சந்தையின் அந்தக் கோடியில்
ஈக்களோடு உட்கார்ந்திருக்கும் கறிக்காரனைக் காட்டுவேன்:
அவனுக்குக் கண் மங்கல், மனசு தாராளம்.

யார் இவள்? ஹராரில் ஆளுக்கொரு கதை.
கடலுக்கு அப்பால் ஏதோ குளிர்நாட்டு ராணி என்பான் ஒட்டகக்காரன்.
பதினாறு பெற்றவள் என்றான் ஏடனிலிருந்து வந்த துணி வியாபாரி.
அந்த மார்பைப் பார்த்தால் நம்பலாம்.
செத்து நூற்றைம்பது வருஷம் ஆகிறதாம்.
பின்பக்கம் இருதலைப் பறவை,
அதன் இறகோரம் நான்கு எண்கள்.
எத்தனை காசு வந்தாலும் அதே நான்கு.
வருஷமே திரும்பாத ஊரில்
பிழைப்பு நடத்துகிறாள் போல.

தலையில் முக்காடு வேறு.
அது கைம்பெண் முக்காடு என்று
யாரோ சொன்ன நாளிலிருந்து
அவளை அதிக நேரம் பார்க்க ஆரம்பித்தேன்.
என் தலையிலும் ஒன்று உண்டே.
யூசுஃப் போன மறுமாசம் அவன் அண்ணன் வந்தான்,
வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தான்,
பிள்ளை இருக்கிறதா என்று ஒரு சுண்டு சுண்டினான்.
செல்லாது என்று போய்விட்டான்.
அவளோ, முக்காட்டோடு
ஊர் ஊராய்க் கை மாறுகிறாள்,
ஒரு வாய் பேசவில்லை.

இத்தாலிக்காரர்கள் வந்த மழைக்காலத்தில்
சார்ஜெண்ட் கவாத்சா என் பாயில் கொட்டினான்
நாற்பது ராணிகளை.
சந்தையே திரும்பிப் பார்த்தது, அப்படி ஒரு வெளிச்சம்.

எண்ணினேன். ஒன்பது.
வேறொன்றை எடுத்தேன். ஒன்பது.
கல்லில் சுண்டினேன், அதே குரல்.
விளிம்பில் நகத்தை ஓட்டினேன்,
எழுத்து இடறியது, இடற வேண்டிய இடத்தில்.
நான்கு எண்ணும் இருந்த இடத்தில் இருந்தன.

ஆனால் அந்த மூக்கு!
ஒரு கட்டைவிரலும் இன்னும் போய்வராத மூக்கு.
கன்னத்தில் வெண்ணெய்ப் பிசுக்கு இல்லை,
உப்புமூட்டைக்குள் கிடந்த தழும்பு இல்லை,
தோல்பையின் கறுப்பு கழுத்து மடிப்பில் இல்லை.
நேற்றுப் பிறந்துவிட்டு
நூற்றைம்பது வயசு சொல்கிறாள்.

மொழிபெயர்க்க வந்த ஹப்தே குனிந்து கிசுகிசுத்தான்:
'போன மாசம் ரோமில் அடித்தது. அச்சையே வாங்கிவிட்டார்களாம்.
உனக்கென்ன, வெள்ளி வெள்ளிதானே?'

வெள்ளி வெள்ளிதான்.
கவாத்சாவின் தோளில் தொங்கிய துப்பாக்கியும்
துப்பாக்கிதான்.
எண்ணிக்கை சரி, ஆள் சரியில்லை என்று
எந்த மொழியில் சொல்வது?

அளந்தேன்.
ஒவ்வொரு படிக்கும்
என் கட்டைவிரலை உள்ளே விட்டே அளந்தேன்.
நாற்பது ராணிக்கு நாற்பது கட்டைவிரல்
கொட்டை குறைந்தது.
அவன் சிரித்துக்கொண்டே சாக்கைக் கட்டினான்.

சாயங்காலம் தட்டான் அப்தோஷின் மூசையில்
பழையவள் மூன்று, புதியவள் நான்கு
ஒன்றாய் இறங்கினார்கள், யாரோ மணப்பெண்ணின் கைவளைக்கு.
முத்துகள் முதலில் போயின.
முக்காடு கொஞ்ச நேரம் நின்றது.
அப்புறம் சும்மா ஒரு பளபளப்பு,
பார்க்கவே கூசியது.

ஒருத்தியை மட்டும் எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டேன், புதியவள்தான்.
கழுதைப்புலிகள் மதில் துளைக்குள் வரும் ராத்திரிகளில்
தூக்கம் பிடிக்காமல்
சாம்பலும் வெண்ணெயும் தொட்டுத் தேய்க்கிறேன்,
பதக்கத்தின் இடது ஓரம், கீழிருந்து இரண்டாவது முத்தை.

எட்டாகட்டும்.
அப்புறம் பேசுவோம் நாங்கள்.