ரன்னிங் சார்ட்

நினைவு மலருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.
களுவாஞ்சிகுடிச் சந்தையடியில் விசாரித்து
என் வளவுக்கு வந்து சேர்ந்த பொடியன்
கையில் ஹன்சாட் பிரதிகள், மஞ்சள் கோடு போட்டபடி.
"அவசரகாலச் சட்டத்துக்கு எங்கட எம்.பி.
ஒருநாளும் கை உயர்த்தேல்ல அண்ணன்.
முதல் பக்கத்தில அதைத்தான் போடுறம்."

உண்மைதான்.
பதினொரு வருசம் ஓட்டினேன் பூபாலரெத்தினம் ஐயாவை.
பேசினதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது:
காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம்,
வடக்கும் கிழக்கும் ஓர் அலகா, இரண்டா,
தமிழில் எழுதினால் சிங்களத்தில் வரும் பதில்,
(குறுக்கீடு)
(சபையில் சிரிப்பு)
பட்ஜெட்டுக்கு மூன்றுதரம் எதிர், ஒருதரம் ஆதரவு.
அந்த ஆதரவுக்கு வந்த கொங்கிறீற்றுப் பாதை
எருவில் பக்கம் இன்னும் கிடக்கிறது, நடுவில் வெடித்து.

என்னிடம் இருப்பது வேறு புத்தகம்.
கச்சேரி கொடுத்த டபுள் கெப்புக்கு
நாளாந்தம் நான் எழுதிய ரன்னிங் சார்ட்.
திகதி. புறப்பட்ட இடம். மீற்றர். டீசல். காரணம்.
மேல்தாள் கந்தோருக்குப் போகும்.
காபன் பிரதி எனக்கு.

ஒரு மார்கழி, மழை.
மன்னம்பிட்டியில் பழைய பாலம்;
ரயிலும் வாகனமும் ஒரே பலகையில் ஏறிப்போன காலம்.
ரயிலுக்காக மறித்துவிட்டார்கள்.
மாலை ஐந்துக்குக் கோட்டையில் வாக்கெடுப்பு.
ஐயாவின் மடியில் பேச்சுத் தாள், ஆறு பக்கம்,
எதிர்த்துப் பேச எழுதியது, எனக்கு வாசித்தும் காட்டியது.
ரயில் போயிற்று. தடை திறந்தது.
பின்னால் லொறிக்காரன் ஹோனில் கையை வைத்தான்.
கீழே மகாவலி ஒரு செத்த எருமையை
அவசரமில்லாமல் கொண்டுபோனது.
மறுகா சொன்னார்:
"கிறுக்கு."

ஏன் என்று கேட்கவில்லை.
முந்தின இரவு வந்த கோலா,
மருமகனின் டெண்டரா, வெறும் பயமா,
ஊருக்கு மூன்று கதையும் தெரியும்.
எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது
அவருடைய ஒரு காது மட்டும்.

வண்டியைக் கிறுக்கினேன்.
வெலிகந்தையில் தேத்தண்ணி குடிக்கும்போது
கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்,
"பஞ்சர் எண்டு போடு."
தாளிலும் கிறுக்கினேன்.
என் அக்காவின் மகன் அப்போது பூசாவில்,
அதே சட்டத்தில், ஏழாவது மாதம்.
என் கையெழுத்து நல்ல வடிவு, எல்லாரும் சொல்வார்கள்.

அதே கட்டில் இன்னொரு தாள்:
இரவு ஒன்றே முக்கால், போக வர எழுபத்தாறு கிலோமீற்றர்,
காரணம்: சொந்தத் தேவை.
முகாம் வாசலில் சாரத்தோடு நின்று
கப்டனுக்கு "சேர்" போட்டு
மூன்று பொடியன்களைக் கையொப்பம் வைத்து எடுத்தார்.
ஒருவன் சீற் முழுக்கச் சத்தி எடுத்தான்.
டீசல் காசு ஐயாவின் பையிலிருந்து.
இதற்கும் ஹன்சாட்டில் வரி கிடையாது.
செத்தவீட்டுக்கு மூவரில் ஒருவனும் வரவில்லை.
ஒருவன் கனடாவாம்.

இதில் எதையும் நான் சொல்லி முடிக்கவில்லை,
பொடியன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்:
"தேசியப் பிரச்சினையில ஐயாட நிலைப்பாடு?"
நிலைப்பாடு தெரியாது மகன்.
இருந்த இடம் தெரியும்.
பின் சீற், இடப்பக்கம்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

சிரித்தான். எழுதவில்லை.
பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

விளக்கடியில் அந்தத் தாளை எடுத்தேன்.
'பஞ்சர்' என்பதை வெட்டலாம்.
காபனில் வெட்டினால் மூலத்தில் வெட்டுமா?
வெட்டினாலும், காரணம் என்ற கட்டத்தில்
என்ன போடுவது?
ஸ்பெயார் டயரில் அன்றைக்குக் காற்று நிறைய.

அவன் மறந்துவிட்டுப் போன பிரதியில்
அந்த நாளின் முடிவு அச்சாகியிருக்கிறது,
ஆதரவு இத்தனை, எதிர் இத்தனை.
அதற்குக் கீழே, பேனையால், வடிவாக எழுதினேன்:
பாலத்தில், இரண்டு.

நாளைக்கு வருவான், பிரதியைக் கேட்டு.